சனிக்கிழமைச் சம்பளமும் அம்மிணியின் ஐம்பது ரூபாயும்

திருப்பூர் பனியன் கம்பெனி வேலை என்றால் சனிக்கிழமை சம்பளம். அன்றைக்கே புரோட்டா, பொம்மை என்று போய்விட்டு, புதன்கிழமை பால் காசுக்குச் சில்லறை தேடிய வீடுதான் எங்களுடையதும்.

இப்போது சம்பளம் வந்ததும் முதல் வேலை, வாடகை, பால், பள்ளி வேன் மூன்றிலும் கால் பங்கை எடுத்துத் தனித்தனி கவரில் போடுவது. வருஷத்தில் நாலு மாதமாவது ஐந்து சனிக்கிழமை வரும். அந்த ஐந்தாவது வாரத்துப் பங்கு ஜூன் மாத நோட்டு, ஷூவுக்கு. அதை மட்டும் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் சந்தை. ஏழு வயது மகள் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்து, "இதுதான் அம்மிணி உன்னோட காசு, தீர்ந்தா அவ்வளவுதான்" என்றேன். முதல் வாரம் நாற்பது ரூபாய்க்கு பிளாஸ்டிக் வாட்ச். திங்கட்கிழமையே வார் அறுந்தது, ஒரே அழுகை. இன்னொன்று வாங்கித் தரவில்லை. (மனசு கேட்கவில்லை, அது வேறு.) அடுத்த வாரம் பொரிக்கடையில், "ஏனுங்க, கொஞ்சம் குறைச்சுக்குங்க" என்று பேரம் பேசுகிறாள்!

அம்மிச்சி (என் மகளின் பாட்டி) ஊருக்குப் போனால் அவள் கையில் திணிக்கிற நோட்டு மட்டும் தபால் நிலையத்துச் செல்வமகள் கணக்குக்கு, பெண் குழந்தைகளுக்கான சேமிப்பு அது. குழந்தைக்குப் பத்து வயதாவதற்குள் தொடங்க வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய். ஒரு வருஷம் மறந்தேன், 50 ரூபாய் அபராதம்.