மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களே, அந்தப் பவுடரைக் கொட்டாதீர்கள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் குடிவருகிறவர்களுக்கு வாடகை ஒப்பந்தம், கேஸ் முகவரி மாற்றம், வண்டிக்கு இ-பாஸ் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அதில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. மாட்டிக்கொள்வது பிறகுதான், வாஷிங் மெஷின் விட்ட தண்ணீர் பாத்ரூம் தரையிலேயே பொங்கி நிற்கும்போது. உடனே கீழே, சமவெளியில் செய்த வைத்தியத்தையே இங்கேயும் செய்கிறார்கள். அடைப்பு நீக்கும் பவுடர் ஒரு பாக்கெட், அதன் தலையில் ஒரு பாத்திரம் கொதிநீர். சாதாரண அடைப்பு, தரையை உடைக்கிற வேலையாக மாறுவது அந்த நிமிஷத்தில்தான்.

கீழே அடைப்பென்றால் தலைமுடியும் மண்ணும். இங்கே சரக்கு வேறு. உங்கள் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பாருங்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையும். ஊட்டியில் வருஷத்தின் பெரும்பகுதி கட்டியாகவே இருக்கும். பைப்புக்குள் நடப்பதும் அதுவே. தலையணை உறையில் ஏறிய எண்ணெய், அதே லைனில் வந்து சேரும் சிங்க் பிசுக்கு, ஜில் தண்ணீரில் கரையாத சோப்புத்தூள், ஸ்வெட்டரும் குல்லாவும் உதிர்த்த பஞ்சு, நாலும் சேர்ந்து கம்பளம்போல இறுகிவிடும். வெளியே இழுத்தால் சாம்பல் நிறத்தில், நனைந்த எலிபோல வழவழவென்று வரும். பிய்த்தால் நூல் நூலாக நீளும், காறல் வாடை வீசும்.

அந்தப் பவுடரில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தேங்கிய குளிர்ந்த தண்ணீரில் கொட்டினால் அது பைப் வளைவின் அடியில் போய் உட்கார்ந்து கல்லாக இறுகும். எண்ணெயோடு சேர்ந்தது சோப்பாகும். இந்தக் குளிரில் அந்தச் சோப்பும் கட்டிதான். ஸ்வெட்டரின் அக்ரிலிக் நூலையும் பருத்திப் பஞ்சையும் அது கரைக்காது. மேலே கொதிநீர் விழுந்தால் குபீரென்று முகத்துக்குப் பீறிடும். பிவிசி பைப்பும் 60 டிகிரிக்கு மேல் தாங்காது, ஜாயின்ட் இளகிவிடும். ஏற்கெனவே பவுடர் போட்டிருந்தால் பிளம்பர் கைவைக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் வெந்துபோவது அவர் கை. அதன் மேல் டாய்லெட் ஆசிட் ஊற்றவே கூடாது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய பாத்ரூமில் பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் கலந்தால் வருவது குளோரின் வாயு.

முதலில் கோளாறு மெஷினிலா பைப்பிலா என்று பாருங்கள். ஓஸை ஓட்டையிலிருந்து உருவி, பெரிய பக்கெட்டில் விட்டு, ஸ்பின் மட்டும் போடுங்கள். பக்கெட்டில் தண்ணீர் வேகமாகக் கொட்டினால் மெஷின் நலம், மெக்கானிக்குக்குக் காசு கொடுக்காதீர்கள். கொட்டவில்லையென்றால், எல்ஜி மெஷினில் ஓ.இ. (OE) என்று எழுத்து வந்தாலும், பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையை வையுங்கள். ஃப்ரண்ட் லோடில் கீழே ஒரு மூலையில் சின்ன மூடி இருக்கும். தட்டு ஒன்றை அடியில் வைத்து, உள்ளே இருக்கும் குட்டிக் குழாயில் தண்ணீரை வடித்துவிட்டு, ஃபில்டரை இடப்பக்கமாக மெதுவாகத் திருகுங்கள். சில்லறைக் காசு, ஹேர்பின், குழந்தை சாக்ஸ் கிடைக்கும். டார்ச் அடித்து உள்ளே இருக்கும் சின்ன விசிறியைக் குச்சியால் சுற்றிப் பாருங்கள். விட்டு விட்டு வெட்டிச் சுற்றினால் பயப்பட வேண்டாம், உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் சுற்றும். டாப் லோடிலும் செமி ஆட்டோமேட்டிக்கிலும் தண்ணீர் தானாக இறங்கும் வகை நிறைய. அவற்றில் ஓஸ் தரையோடு கிடக்க வேண்டும், உயரமான பக்கெட்டில் விட்டுப் பார்ப்பது சரிவராது. நடுவில் மேடு வந்தால் தண்ணீர் நகராது.

பைப்பில்தான் அடைப்பென்றால் கையுறை போட்டு நானி ட்ராப்பின், அதாவது தரையில் தண்ணீர் இறங்கும் கிண்ணத்தின், ஜாலி மூடியையும் உள்கிண்ணத்தையும் எடுங்கள். தேங்கிய தண்ணீரை மக்கில் மொண்டு வெளியேற்றுங்கள். இதை விட்டால், ஊற்றுகிற சூடு அடைப்பு வரை போகாது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு பங்கு கொதிநீருக்கு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் 50 டிகிரியைச் சுற்றி வரும். அதுதான் சரியான சூடு. கொழுப்பு இளகும், பைப் இளகாது. அதில் பாத்திரம் விளக்கும் லிக்விட் இரண்டு ஸ்பூன் கலந்து, ஐந்து லிட்டர் ஊற்றி, கால் மணி நேரம் விடுங்கள்.

பிறகு ஸ்பிரிங். ஹார்டுவேர் கடையில் ஐந்து மீட்டர் அடைப்பு எடுக்கும் ஸ்பிரிங் என்று கேளுங்கள். தட்டும் இடத்தில் குத்தித் தள்ளாதீர்கள். தள்ளினால் அடைப்பு அடுத்த எல்போ வளைவில் போய் இன்னும் இறுகும். வலப்பக்கமாக நாலைந்து சுற்று சுற்றி, நூல் சிக்கியதும் இழுங்கள். ஒரே தடவையில் வராது, நாலைந்து முறை எடுக்க வேண்டியிருக்கும். சோடா உப்பும் வினிகரும் நுரைக்கும், அவ்வளவுதான். இந்தப் பஞ்சை அசைக்காது.

ஸ்பிரிங் முழு நீளமும் போயும் தண்ணீர் இறங்கவில்லையென்றால் வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருக்கும் சேம்பர், அதாவது கழிவுநீர் பைப்புகள் வந்து சேரும் தொட்டியின் மூடியைத் திறங்கள். சேம்பர் காய்ந்திருந்தால் அடைப்பு நடுவில். நிரம்பியிருந்தால் அடைப்பு அதற்கும் கீழே, அல்லது கழிவுநீர்க் குழியே நிரம்பிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி மண் ஊறிப்போய்க் குழி தண்ணீரை உறிஞ்சாது. அப்போது உங்கள் ஸ்பிரிங்குக்கு வேலையில்லை, வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

சோப்பு அளவைக் குறையுங்கள். கீழே போர் தண்ணீர் உப்பு, அதற்குப் பழகிய கை இங்கேயும் அதே அளவு போடும். மலை ஓடைத் தண்ணீர் மென்மையானது, பாதி போதும். தூளை நேராகக் கொட்டாமல் ஒரு மக் வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள், முடிந்தால் லிக்விடுக்கே மாறிவிடுங்கள். கம்பளித் துணியை வலைப் பையில் போட்டு முடிச்சிட்டுத் துவையுங்கள். எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளில் துடைத்த பிறகே சிங்கில் போடுங்கள். பைப்பிலிருந்து இழுத்த அந்தக் கட்டியை டாய்லெட்டில் போட்டுவிடாதீர்கள், குப்பைக்கு அனுப்புங்கள்.