பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கதவு உள்பலகைக்குப் புது ரெக்ஸின் போடுவது எப்படி?

கதவின் உள்பலகை அடியில் உப்பி, ரெக்ஸின் சுருங்கி உரிந்து நிற்கிறதா? ரெக்ஸினை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். கண்ணாடி ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு; கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியாக அது வெளியேறிவிட வேண்டும். துளைகள் அடைத்துக்கொண்டாலோ, பலகைக்குப் பின்னால் இருக்கும் பாலித்தீன் தாள் கிழிந்துபோனாலோ, ஈரம் பலகையில் ஏறும். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) போன்ற வண்டிகளில் இந்தப் பலகை ஹார்டுபோர்டு மாதிரி அட்டைதான். ஈரத்தைக் கவனிக்காமல் எவ்வளவு நல்ல ரெக்ஸின் போட்டாலும் மறுபடி உப்பத்தான் செய்யும்.

கழற்றுதல்

முதலில் ஒரு கதவின் பலகையை மட்டும் கழற்றுங்கள். மாட்டும்போது சந்தேகம் வந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடியை முழுவதும் ஏற்றி, அதைச் சுற்றும் கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று போட்டோ எடுத்துவிடுங்கள்.

இந்தக் கைப்பிடி சில வண்டிகளில் ஒரே ஸ்க்ரூவில் நிற்கும். ஸ்க்ரூ கண்ணில் படாவிட்டால் பின்புறம் லாட வடிவக் கிளிப் இருக்க வாய்ப்பு அதிகம். நீளமான துணிப் பட்டை ஒன்றைக் கைப்பிடிக்கும் பலகைக்கும் நடுவே நுழைத்து, இரண்டு முனைகளையும் மாறி மாறி இழுங்கள். துணி கிளிப்பின் நுனியில் மாட்டி அதை வெளியே தள்ளிவிடும். கிளிப் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

மற்ற ஸ்க்ரூக்களை எடுத்த பிறகு, பலகையின் ஓரத்தில் பட்டி பார்க்கும் தகட்டை நுழைத்து, கிளிப் இருக்கும் இடத்துக்கு மிக அருகில் நெம்புங்கள். தள்ளி நெம்பினால் கிளிப் அங்கேயே இருக்கும், பலகைதான் பிய்ந்து வரும்.

பலகை

உறுதியாக இருந்தால் பழையதையே வைத்துக்கொள்ளலாம். உப்பியிருந்தால் 3 மி.மீ. பிளைவுட்டில் புதிது வெட்டிவிடுங்கள், ஒட்டுப்போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். பழையதை மேலே வைத்து வரையும்போது கிளிப் துளைகளையும் விடாமல் குறியுங்கள். எதிர்க் கதவுக்கு அதையே குப்புறப் போட்டு வரையலாம். பிறகு இரண்டு பக்கமும், முக்கியமாக வெட்டிய ஓரங்களிலும் துளைகளின் உட்புறத்திலும், வார்னிஷ் இரண்டு கை அடித்துக் காயவிடுங்கள். ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான்.

ரெக்ஸின் ஒட்டுதல்

அடியில் ஃபோம் வேண்டுமென்றால் 3 மி.மீ. போதும், அதுவும் தண்ணீர் உறிஞ்சாத வகை. தடிமன் கூடினால் பார்க்க மெத்தென்று இருக்கும், ஆனால் கைப்பிடி சுற்றும்போது ரெக்ஸினில் உரசும்.

பசைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சாதாரணப் பசை இளகிவிடும். சூடு தாங்கும் கான்டாக்ட் பசை வாங்குங்கள். காற்றோட்டமான இடத்தில் இரண்டு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்ததும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திக்கொண்டே போங்கள். ரெக்ஸினை முன்பே எல்லாப் பக்கமும் 4 செ.மீ. அதிகமாக விட்டு வெட்டியிருக்க வேண்டும்.

இனி ஓரங்கள். வேலையின் அழகே இங்கேதான். வெளியே வளையும் மூலையில், பின்னால் மடங்கும் பகுதியில் சின்னச் சின்ன முக்கோணங்களாக வெட்டி எடுங்கள். மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. உள்ளே வளையும் இடத்தில் வெறும் கீறல் போதும். எதுவானாலும் பலகை விளிம்புக்கு 3 மி.மீ. முன்பே கத்தி நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் முன்பக்கம் வெட்டு தெரியும். முரண்டு பிடித்தால் ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டுங்கள், வழிக்கு வரும்.

ஸ்டேப்ளர் அடிப்பதாக இருந்தால் 4 மி.மீ. பின்தான். 6 மி.மீ. பின் பிளைவுட்டைத் துளைத்து முன்னால் எட்டிப் பார்க்கும்.

கைப்பிடித் துளைகளை விரலால் தடவிக் கண்டுபிடித்து, துளையைவிடச் சிறிதாகக் கத்தியால் ஒரு பெருக்கல் குறி போல வெட்டுங்கள். பெரிதாக்க எப்போது வேண்டுமானாலும் முடியும்.

திரும்ப மாட்டுதல்

கதவின் அடித் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, புதுப் பாலித்தீன் தாளை பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) ஒட்டுங்கள். தாளின் கீழ்முனை கதவுக்குள் செருகப்பட்டிருக்க வேண்டும். வெளியே தொங்கினால் தண்ணீர் நேராகப் பலகைக்குத்தான் வரும். பலகையை மாட்டும் முன்பே வெளியிலிருந்து கண்ணாடிமேல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடித் துளைகளில் சொட்டி, தாளின் இந்தப் பக்கம் காய்ந்திருந்தால் சரி.

அப்புறம் கிளிப்புகளைத் துளைக்கு நேராக வைத்து உள்ளங்கையால் தட்டுங்கள். கைப்பிடியைப் போட்டோவில் இருந்த திசையிலேயே பொருத்தி, கதவை மெதுவாக மூடிப் பாருங்கள். ஓரத்தில் மடிப்பு தடித்து ரப்பரில் இடித்தால், அந்த இடத்தை மட்டும் பிரித்து, மடிப்புக்குள் இருக்கும் ஃபோமை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.