கேங்வே ஓரத்துச் சிவப்புக் குழாய்

கப்பலில் புதிதாக ஏறும் தேர்டு மேட் (மூன்றாம் நிலை அதிகாரி) தம்பியை முதல் நாளே, கரையிலிருந்து ஏறும் படியான கேங்வே ஓரத்துச் சிவப்புக் குழாயிடம் கூட்டிப்போவேன். உள்ளே இருப்பது ஃபயர் கண்ட்ரோல் பிளான், அதாவது தீயணைப்புக் கருவிகளும் வழிகளும் எங்கே என்று காட்டும் கப்பல் வரைபடம். கரையிலிருந்து ஓடி வரும் தீயணைப்பு வீரர்களுக்காகவே வைத்திருக்கும் நகல். நாங்கள் தங்கும் அக்கமடேஷனுக்கு வெளியே, மழைத்தண்ணீர் புகாத உறையில், பளிச்சென்று தெரியும்படி எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு ஒப்பந்தம். நமக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் இன்ஜின் ரூமுக்கு வழி தெரியும். அவர்களுக்கு இந்தத் தாளை விட்டால் வேறு வழியில்லை.

நான் ஜூனியராக இருந்தபோது, ஒரு துறைமுக ட்ரில்லில் அந்த மூடி திறக்கவே இல்லை. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து ஒட்டிப்போயிருந்தது. பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினால், உள்ளே பிளான் ஊறிய அப்பளம் போலக் கையோடு பிய்ந்து வந்தது. வந்த வீரர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் குழாய் என் பொறுப்பு.

அதனால், ஒவ்வொரு துறைமுகத்துக்கும் முன்னால் மூடியைத் திறந்து பாருங்கள். தடித்த கையுறை போட்டுக்கொண்டு திறங்கள். வருகிறவர் அப்படித்தான் திறப்பார். மரைக்கு கிரீஸ் தடவுங்கள், ரப்பர் வாஷரை மாற்றுங்கள், பூட்டு மட்டும் போடாதீர்கள். பிளானை விரித்து, கையில் பிடித்தபடி டெக்கைச் சுற்றி நடங்கள். கப்பலைப் பழுதுபார்க்கும் டிரை டாக்கில் ஒரு ஹைட்ரன்ட் (தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் வாய்) இடம் மாறியிருந்தால், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் தொங்கும் பிளானைத் திருத்திவிட்டு இதை மறந்துவிடுவார்கள். கரைத் தண்ணீர்க் குழாயைக் கப்பல் குழாயோடு இணைக்கும் இன்டர்நேஷனல் ஷோர் கனெக்‌ஷன் பிளானில் காட்டிய இடத்தில் இருக்கிறதா, அதன் 4 போல்ட்டும் கேஸ்கெட்டும் கூடவே இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அப்புறம், நாங்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் மூன்று தாள்களைச் சேர்த்து வைப்போம். அன்றைய க்ரூ லிஸ்ட்: தலை எண்ணாமல், தீயை அணைக்கும் கார்பன் டை ஆக்சைடைத் திறக்க முடியாது, உள்ளே யாராவது இருந்தால் மூச்சு அடைத்துவிடும். டேங்க் நிலவரம்: பீய்ச்சும் தண்ணீர் ஒவ்வொரு கனமீட்டரும் ஒரு டன், கப்பல் சாயும். மூன்றாவது, ஆபத்தான சரக்குப் பட்டியல், எந்த ஹோல்டில் (சரக்கு அறையில்) என்ன, ஆபத்தான பொருளை அடையாளம் காட்டும் யு.என். எண்ணோடு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல் வெடித்தபோது அதில் பஞ்சும் வெடிமருந்தும் ஒன்றாக இருந்தன. அந்தத் தீயை அணைக்கப் போய் இறந்தவர்களுக்காகத்தான் நம் ஊரில் தீத்தொண்டு நாள். இந்தத் தாளை எழுதும்போது அவர்களை நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக, நடுராத்திரி கேங்வே வாட்ச்சில் நிற்பவரிடம் போய், "பிளான் எங்கே?" என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, நடந்துபோய் குழாய் மேல் கை வைக்க வேண்டும்.