கொத்தனார் மறுத்துப் பேசினால் முதலில் இதைக் கேளுங்கள்

1983-இல் ஹார்வர்டு உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர், அறிவு என்பது மொழியும் கணக்கும் மட்டுமல்ல, இடத்தை அளக்கும் கண், உடல், இசை, பிறரைப் புரிந்துகொள்வது, தன்னைப் புரிந்துகொள்வது என ஏழு வகை உண்டு என்றார். பல உளவியலாளர்கள் இதை ஏற்கவில்லை, அது இருக்கட்டும், வீடு கட்டும் இடத்தில் இந்தப் பார்வை நன்றாகவே உதவும்; கொத்தனாரின் அறிவு அவர் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. பாத்ரூம் தரைக்கு இந்த வாட்டம் (சரிவு) போதாது, தண்ணீர் தேங்கும் என்று கொத்தனார் சொன்னால் வரைபடத்தை நீட்டி அவர் வாயை அடைக்காதீர்கள். "எதை வச்சு சொல்றீங்கண்ணே?" என்று கேளுங்கள், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றியே காட்டிவிடுவார். அப்புறம் அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டுவிட்டு, உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். அப்போதும் ஒத்துவராவிட்டால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே ட்யூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து மட்டம் பார்ப்பது) பிடித்துப் பார்த்துவிடலாம்.