பாலஸ்தீன நாணல் குழலும் ஜாஸும்: சிறு குழுவுக்கான தொடக்கப் பயிற்சி

ஜாஸ் பியானோவுக்கு மேல் கொஞ்சம் நாணல் குழலைத் தூவிவிட்டால் இரண்டும் கலந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கேட்டுப் பார்த்தால் விமான நிலையக் காத்திருப்பு அறையில் ஒலிக்கும் இசையைப் போலத்தான் இருக்கும். சிக்கல் ஒரே ஒரு சுரத்தில் இருக்கிறது. அதை யார் வாசிப்பது, யார் விட்டுக்கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குழல், பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ் ஆகிய நான்கும் இந்தப் பயிற்சிக்குப் போதும்.

படி 1: குழல்

தப்கே ஆட்டத்துக்கு முழங்கும் மிஜ்விஸ், யர்கூல் இரண்டும் இரட்டைக் குழல்கள். மூச்சு அறாமல் சுழற்றி ஊத வேண்டியவை, ஓசையும் பெரிது. அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். மேய்ப்பர்களின் ஷப்பாபே சிறியது, எளியது. நம் பயிற்சிக்கு ஏற்றது நை என்னும் நாணல் குழல். முன்புறம் ஆறு துளைகள், பின்புறம் கட்டைவிரலுக்கு ஒன்று. ஊதுதுளை என்று தனியாக எதுவும் கிடையாது. திறந்திருக்கும் மேல்முனையின் விளிம்பில் உதட்டைச் சாய்த்து வைத்து ஊத வேண்டும். தொடக்கத்தில் வெறும் காற்றுதான் வரும், பதற வேண்டாம். ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனி நை உண்டு. 'டி' (மேற்கத்திய இசையின் D) சுருதிக்குரிய டூகா நையைக் கேட்டு வாங்குங்கள்.

நை கிடைக்காதவர்கள் கீபோர்டில் பழகலாம். ஒவ்வொரு கட்டையின் சுருதியையும் தனியாக மாற்றும் வசதி பல கீபோர்டுகளில் இருக்கிறது. அதில் 'ஈ' (E) கட்டையை மட்டும் 50 செண்ட் தாழ்த்துங்கள் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 செண்ட்).

படி 2: பயாத்தி

மகாம் என்பது நம் ராகம் போன்ற அரபு இசை அமைப்பு. பியானோவின் மைனர் ஸ்கேலுக்கு நெருக்கமான நஹாவந்த் மகாமிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே உரசலே இல்லை. உரசல் இல்லாத இடத்தில் கற்றுக்கொள்ளவும் அதிகமில்லை. பாலஸ்தீனக் கிராமப் பாடல்களில் அடிக்கடி கேட்பது பயாத்தி மகாம். தப்கேவுக்குப் பாடும் தலோனா மெட்டும் பெரும்பாலும் அதில்தான் அமையும்.

'டி'யில் தொடங்கும் பயாத்தியின் சுரங்கள்: டி, ஈ அரை ஃபிளாட், எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி. இரண்டாவது சுரம்தான் நான் சொன்ன சுரம். பியானோவில் ஈ ஃபிளாட்டுக்கும் ஈ-க்கும் நடுவே, கட்டையே இல்லாத இடத்தில் அது இருக்கிறது. கணக்குப்படி டி-யிலிருந்து 150 செண்ட். கலைஞர்கள் பயாத்தியில் அதை இன்னும் ஒரு நூல் தாழ்த்தியே ஊதுவார்கள். ராஸ்த் மகாமில் அதே சுரம் சற்று உயர்ந்து நிற்கும். ஆகவே கருவியைப் பார்த்துச் சரிசெய்வதைவிடப் பாடகர்களைக் கேட்டுக் காதில் ஏற்றிக்கொள்வது நல்லது. ஊதும் கோணத்தைச் சற்றே மாற்றினாலும் நையின் சுருதி நகரும்.

டபுள் பேஸ் 'டி'யில் சுருதி பிடிக்க, முதல் நான்கு சுரங்களை மட்டும் ஏறி இறங்குங்கள். இதில் அவசரம் கூடாது.

படி 3: பியானோ எதைத் தொடக்கூடாது

பியானோ கலைஞருக்கு ஒரே கட்டளை: ஈ-யும் வேண்டாம், ஈ ஃபிளாட்டும் வேண்டாம். எதைத் தொட்டாலும் குழலோடு மோதும். சி மேஜர், ஏ மைனர் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) இதனாலேயே விலகிவிடுகின்றன.

மிச்சம் என்ன இருக்கிறது? டி, ஜி, சி, எஃப் என்று நான்கு நான்கு சுர இடைவெளியில் அடுக்கிய கார்டு இருக்கிறது. ஜி, சி, எஃப், பி ஃபிளாட் இன்னொன்று. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தாலே நிறம் வந்துவிடும். 1950களின் இறுதியில் மைல்ஸ் டேவிஸ் போன்றவர்கள் எடுத்துச்சென்ற, கார்டுகளை அடிக்கடி மாற்றாமல் ஒரே ஸ்கேலில் தங்கும் மோடல் ஜாஸ் இப்படிப்பட்ட அடுக்குகளில் ஊறியதுதான். கார்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும் பீபாப் பாணி இங்கே உதவாது.

பியானோ தனியாக வாசிக்கும் முறை வரும்போது டி, எஃப், ஜி, ஏ, சி போதும். ஜாஸ் பழகியவர் இதைப் பார்த்ததும் சிரிப்பார், ஏனென்றால் இது அவர் முதல் மாதமே கற்ற மைனர் பென்டடானிக். பயாத்தியிலிருந்து இரண்டாவது, ஆறாவது சுரங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவதும் இதுவே. இரண்டு மரபுகளும் கைகுலுக்கும் இடம் இந்த ஐந்து சுரங்கள்தான். டபுள் பேஸுக்கும், சேர்த்துக்கொண்டால் சாக்ஸபோனுக்கும், இந்தக் கட்டுப்பாடு தளரும். விரலையோ உதட்டையோ அசைத்து அந்த இடைச்சுரத்தை அவர்களால் எட்ட முடியும்.

படி 4: தாளம்

மக்சூம் என்ற அரபுத் தாளத்தை எட்டு அசைகளாக எண்ணுங்கள் (தும் கனமான அடி, தெக் கூர்மையான அடி): தும், தெக், ஓய்வு, தெக், தும், ஓய்வு, தெக், ஓய்வு. தும்-ஐ பேஸ் டிரம்முக்கும் தெக்-ஐ ஸ்நேர் விளிம்புக்கும் கொடுங்கள். ஜாஸ் என்றதும் ஓர் அசையை நீட்டி அடுத்ததைக் குறுக்கும் ஸ்விங் நடையில் வாசிக்க வேண்டியதில்லை. அசைகள் சமமாகவே இருக்கட்டும். குச்சிக்குப் பதிலாக பிரஷ். நையின் ஓசை மெல்லியது.

படி 5: வரிசை

முதலில் தக்சீம்: தாளமில்லாமல், பேஸின் சுருதி மீது குழல் மட்டும் செய்யும் ஆலாபனை. கீழ் நான்கு சுரங்களில் தங்கி, ஜி-யில் நின்று, மேலே போய், மறுபடி டி-க்கு இறங்குங்கள். பிறகு தாளத்தோடு தலோனா மெட்டு. அதன்பின் பியானோ, பேஸ் தனி வாசிப்புகள், மீண்டும் மெட்டு. அரபு இசையையும் ஜாஸையும் இணைத்து வாசித்தவர்களைக் கேட்க விரும்பினால், கலீலியின் தர்ஷீஹாவில் பிறந்த சைமன் ஷாஹீனின் கந்தாரா குழுவிலிருந்து தொடங்கலாம்.

படி 6: ஒலிப்பதிவு

பதிவுக்கு முன் குழலைப் பத்து நிமிடம் ஊதிச் சூடாக்குங்கள். சூடேறினால் நையின் சுருதி உயரும், பியானோ அதற்காக நகராது. மைக்கை நேராக உதட்டுக்கு எதிரே வைக்காமல், ஓர் அடி தள்ளி, விரல் துளைகளை நோக்கிச் சாய்த்து வையுங்கள். மூச்சொலி ஓரளவு கேட்கத்தான் வேண்டும். அதை மென்பொருளால் துடைத்தெடுத்தால் நை சாதாரணப் புல்லாங்குழலாகிவிடும். எதிரொலியையும் பியானோவுக்குக் கொடுத்த அளவுக்கு மேல் குழலுக்குச் சேர்க்காதீர்கள்.