வாந்தி பேதிக்குப் பிறகு குழந்தையைத் தேற்றுவது எப்படி

போன மாதம் எங்கள் ஒன்றரை வயது மகளுக்கு வாந்தியும் பேதியும் ஒன்றாக வந்து மூன்று நாள் பாடாய்ப் படுத்திவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, அட்மிட் செய்ய வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதன் பிறகு நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

1. கரைசல்

வாந்தி பேதியில் போன தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-குளுக்கோஸ் பொடிதான் ஓ.ஆர்.எஸ். அதன் பாக்கெட்டில் 1 லிட்டருக்கு உள்ளது, 200 மில்லிக்கு உள்ளது என்று இரண்டு அளவு கிடைக்கும். எது வாங்கினாலும் முழுப் பாக்கெட்டையும் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் கலக்கவே கூடாது. உப்பும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும், உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு ஆபத்து. 200 மில்லி பாக்கெட்தான் என் தேர்வு, வீணாகாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

பழச்சுவையோடு டெட்ரா பேக்கில் வரும் இனிப்பான பானம் வேண்டாம். அந்த மாதிரிப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. சர்க்கரை கூடினால் பேதியும் கூடும்.

2. கொடுக்கும் விதம்

நாங்கள் தடுமாறியது இங்கேதான். வாந்தி எடுத்துக் களைத்தவள் டம்ளரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு மடமடவென்று குடித்தாள். பாவம், தாகம் என்று விட்டுவிட்டோம். ஐந்து நிமிடத்தில் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. மறுபடி கொடுத்தோம், மறுபடி வந்தது.

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சில் எடுத்து, கன்னத்தின் உட்பக்கமாக, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மெதுவாக விடுங்கள். அழுவாள், டம்ளரைக் கேட்பாள், மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொடுக்காமல் இருக்க வேண்டும். 5 மில்லி என்ன செய்யும் என்று தோன்றும், ஆனால் இப்படியே போனால் மணிக்கு 150 மில்லி உள்ளே போய்விடும். பாலாடை (பால் புகட்டும் சங்கு) பழகிய வீட்டில் அதுவும் சரிதான், எனக்கு சிரிஞ்சுதான் வசதி, அளவு தெரியும், சிந்தாது. வாந்தி நின்ற பிறகு, ஒவ்வொரு தடவை பேதி போகும்போதும் இரண்டு வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி.

3. சாப்பாடு

வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். குழைந்த சாதம், இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. எங்கள் வீட்டில் முதலில் இறங்கியது பருப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்த அரை இட்லி.

4. சிங்க்

சிங்க் என்பது துத்தநாகச் சத்து மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் பேதி நின்றாலும் நிறுத்தாமல் 14 நாளும் கொடுத்து முடியுங்கள். மாத்திரை என்றால் ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரையும். பேதியை நிறுத்தும் மாத்திரையை மட்டும் மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்: ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை, மலத்தில் ரத்தம், பச்சை நிறத்தில் வாந்தி, எழுப்பினாலும் துவண்டு விழுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காதீர்கள்.

பின்சேர்க்கை: டயபரில் பேதி தண்ணீராகவே போகிறது, சிறுநீர் போனதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி, எங்களுக்கும் அது புரியவில்லை. அப்புறம் பகலில் டயபரைக் கழற்றிவிட்டு, ரப்பர் ஷீட்டின் மேல் பழைய வெள்ளை வேட்டியை மடித்துப் போட்டுப் படுக்கவைத்தோம், ஈரத்தின் நிறம் தெளிவாகத் தெரிந்தது. புண்ணாகியிருந்த இடத்துக்கும் காற்றுப்பட்டது. துணி மாற்றும் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பேதி நின்று ஒரு வாரம் வரைக்கும். நாங்கள் மூன்றாம் நாளே அதை விட்டுவிட்டோம், அடுத்து மாமியாருக்கு வந்தது.