நெட்காரர் நடுவில் கை வைக்கிறாரா? சோதிக்கும் வழியும் தடுக்கும் வழியும்

வட சென்னையில் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் பல வீடுகளுக்கு நெட் வருவது ஏரியா கேபிள்காரர் வழியாகத்தான். மாடிக்கு மாடி தாவி வரும் ஃபைபர் அவருடையது, லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனி வேறு. திறந்த பக்கத்தில் சம்பந்தமில்லாத விளம்பரம் முளைத்தாலோ, தப்பாகத் தட்டிய முகவரி ஏதோ தேடல் பக்கத்தில் போய் நின்றாலோ, வேலையைக் காட்டுவது இவர்களில் ஒருவராக இருக்கலாம். உங்கள் லேப்டாப்பாகவும் இருக்கலாம். யார் என்று தெரியும்வரை எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். மாற்றிவிட்டால் பிறகு காட்ட ஆதாரம் இருக்காது.

முதலில் வீட்டுக்குள்ளே

அதே லேப்டாப், அதே பிரவுசர், அதே பக்கம். இணைப்பை மட்டும் வேறு கம்பெனி சிம்மின் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். விளம்பரம் அப்போதும் வந்தால் குற்றவாளி பெரும்பாலும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன். நெட்காரரைத் திட்டிப் பயனில்லை. போனில் திரையின் மேலிருந்து இறங்கும் விளம்பரங்களில் பெரும்பாலானவை, எப்போதோ ஏதோ ஒரு தளத்துக்கு 'அலோ' அழுத்தியதால் வருபவை. குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அனுமதியை நீக்கினால் நின்றுவிடும்.

வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிகளிலும் வருகிறது, ஹாட்ஸ்பாட்டில் வரவில்லை என்றால் அடுத்தது ரூட்டர். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டி உள்ளே போய் டிஎன்எஸ் எண்களைப் பாருங்கள். தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வரின் எண்கள் இவை. பாஸ்வேர்டு இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால், வெளியாள் யாராவது அந்த எண்களை மாற்றி வைத்திருக்க வாய்ப்புண்டு. சொந்த ரூட்டர் தனியாக இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, ஃபைபர் பாக்ஸிலிருந்து லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். அப்போதும் வந்தால் கோளாறு அந்த பாக்ஸிலோ வெளியிலோதான்.

இரண்டே கமாண்டில் பிடிக்கலாம்

பூட்டுள்ள பக்கத்துக்குள், அதாவது ஹெச்டிடிபிஎஸ் பக்கத்துக்குள், நெட் கம்பெனியால் எதையும் நுழைக்க முடியாது. பூட்டில்லாத பக்கங்கள் வரும் 80ஆம் போர்ட்டிலும் (போர்ட் என்றால் எண் போட்ட வாசல்), டிஎன்எஸ்ஸின் 53ஆம் போர்ட்டிலும்தான் அவர்கள் விளையாட முடியும். இந்த இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

80ஆம் போர்ட்டுக்குப் பிரவுசரை நம்ப வேண்டாம். இப்போதைய குரோம் பூட்டில்லாத முகவரியைத் தட்டினாலும் தானே பூட்டுள்ளதற்கு மாறப் பார்க்கும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறங்கள். பவர்ஷெல் வேண்டாம், பழைய பவர்ஷெல்லில் கர்ல் (curl) என்பது வேறு கட்டளை. கர்ல், இடைவெளி, பிறகு எக்சாம்பிள் டாட் காம் முகவரியை எஸ் இல்லாத ஹெச்டிடிபியுடன் சேர்த்து ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டுங்கள். வருவது ஒரு சின்னப் பக்கம். அதில் ஸ்கிரிப்ட் என்ற டேக் எங்கேயும் இருக்கக் கூடாது. சில கருவிகள் பிரவுசர் கேட்டால் மட்டுமே சரக்கை நுழைக்கும். அதனால் கர்லுக்கும் முகவரிக்கும் நடுவில் பெரிய ஏ போட்ட ஆப்ஷனுடன் மோசில்லா என்ற பெயரைக் கொடுத்து (-A Mozilla) இன்னொரு முறை ஓட்டுங்கள். இரண்டு இணைப்பிலும் ஓட்டி, வந்ததைக் கோப்பாகச் சேமியுங்கள். 2015இல் பெங்களூரு நிரலாளர் ஒருவர், தன் 3ஜி இணைப்பில் பக்கங்களுக்குள் அந்நிய ஜாவாஸ்கிரிப்ட் நுழைக்கப்படுவதைக் கண்டுபிடித்ததும், பக்கத்தின் சோர்ஸைப் பார்த்துத்தான்.

டிஎன்எஸ்ஸுக்கு என்எஸ்லுக்அப் (nslookup) என்ற கட்டளை போதும். எங்கும் இருக்க முடியாத நீளமான பெயர் ஒன்றைக் கொடுங்கள். 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று வருவதே சரியான பதில். ஐபி எண் வந்தால், தப்பாகத் தட்டுகிறவர்களைத் தங்கள் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்புகிறார்கள்.

அடுத்தது கொஞ்சம் குறும்பான சோதனை. என்எஸ்லுக்அப், இடைவெளி, எக்சாம்பிள் டாட் காம், இடைவெளி, 192.0.2.1 என்று அடியுங்கள். அந்த எண் ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே எந்த சர்வரும் கிடையாது. ஆகவே டைம்அவுட் ஆக வேண்டும். பதில் வந்தால், 53ஆம் போர்ட்டில் போகும் எல்லாக் கேள்வியையும் நடுவில் யாரோ பிடித்துத் தாங்களே பதில் சொல்கிறார்கள். ரூட்டரில் கூகுளின் டிஎன்எஸ் எண்ணான 8.8.8.8 போட்டும் சிலருக்கு ஒன்றும் மாறாததற்குக் காரணம் இதுதான். சில ரூட்டர்களின் பேரன்ட்டல் கண்ட்ரோலும் இதையே செய்யும் என்பதால், இந்தச் சோதனையை லேன் கேபிளை நேராகச் செருகி ஓட்டுங்கள்.

இதெல்லாம் குறுக்கீடு அல்ல

கூகுள் அடிக்கடி 'நான் ரோபோ இல்லை' கேட்கிறதா? ரூட்டரில் வான் (WAN) ஐபி, அதாவது வெளிப்பக்க எண், 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், தெருவே ஒரே பொது ஐபியைப் பகிர்கிறது. அதன் விளைவு இது. பிளான் முடிந்த அன்று எதைத் திறந்தாலும் பணம் கட்டும் பக்கம் வருவதும் வழக்கம். அந்த நேரத்தில் பேங்க் தளத்தைத் திறந்தால் சான்றிதழ் எச்சரிக்கை வரும். 'பரவாயில்லை, தொடர்' என்பதை மட்டும் அழுத்தாதீர்கள். பணம் கட்டிவிட்டுப் பக்கத்தைப் புதிதாகத் திறங்கள். ஏதாவது சான்றிதழை இன்ஸ்டால் செய்யச் சொன்னால், யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அதைப் போட்டால் பூட்டுள்ள பக்கத்தையும் படிக்கலாம், திருத்தலாம்.

ஒரு தளம் அடியோடு திறக்கவில்லை என்றால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவிலோ, படத் திருட்டு வழக்கில் நீதிமன்றம் போட்ட உத்தரவாலோ அடைக்கப்பட்டிருக்கலாம். நெட்காரரிடம் அதற்குச் சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடைக்கும் வேலை

போனில் தொடங்குங்கள், அதுதான் சுலபம். ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கும். அதில் எண்ணை ஏற்காது, பெயர்தான் வேண்டும்: டிஎன்எஸ் டாட் கூகுள், அல்லது ஒன் என்பதை ஆங்கிலத்தில் புள்ளி வைத்து நான்கு முறை (one.one.one.one). இது பொதுவாக 853ஆம் போர்ட்டில் போகிறது. நெட்காரர் அதை அடைத்திருந்தால் போனில் நெட்டே நின்றுவிடலாம். வீட்டு வைஃபையில் மட்டும் அப்படி நடந்தால் அதுவே ஒரு ஆதாரம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் ஃபயர்பாக்ஸே எங்கள் தேர்வு. செட்டிங்ஸில் பிரைவசி பகுதியின் அடியில் 'டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ்' வரும். அதில் 'மேக்ஸ் புரொடெக்ஷன்' போடுங்கள். அதற்கு முந்தைய படி, சிக்கல் வந்தால் சத்தமில்லாமல் நெட்காரர் டிஎன்எஸ்ஸுக்கே திரும்பிவிடும். கூடவே 'ஹெச்டிடிபிஎஸ் ஒன்லி' மோடையும் போடுங்கள். குரோமில் செக்யூரிட்டி பகுதியில் 'யூஸ் செக்யூர் டிஎன்எஸ்', 'ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்ஷன்ஸ்' இரண்டும் இருக்கின்றன. இவை 443ஆம் போர்ட்டில் மற்ற போக்குவரத்தோடு கலந்து போவதால் பிரித்துப் பிடிப்பது கடினம்.

ரூட்டரில் டிஎன்எஸ் மாற்றுவது 53ஆம் போர்ட்டைப் பிடிக்காத இடங்களில் மட்டுமே உதவும். அங்கேயும் ஒரு தொல்லை: நெட்காரர் கொடுத்த பாக்ஸை அவர் தொலைவிலிருந்தே நிர்வகிப்பார். கரண்ட் போய் வந்ததும் பழைய எண்களே மறுபடி உட்கார்ந்திருக்கலாம். இதற்கு ரிச்சி தெருவில் சொந்த ரூட்டர் ஒன்று வாங்குவதே தீர்வு. லைன்மேன் வரும்போது "அண்ணே, பாக்ஸை பிரிட்ஜ் மோடுல போட்டுட்டு, பிபிபிஓஇ யூசர்நேம் பாஸ்வேர்டு எழுதிக் குடுத்துடுங்க" என்று கேளுங்கள். பாக்ஸ் லைனை மட்டும் கடத்தும், அந்த யூசர்நேமைப் போட்டு நெட்டில் நுழைவது உங்கள் ரூட்டராக இருக்கும். தயங்கினால், இருக்கும் பாக்ஸின் லேன் துளையிலிருந்து கேபிள் இழுத்து உங்கள் ரூட்டரின் வான் துளையில் செருகினாலும் வேலை நடக்கும். பிறகு எல்லாக் கருவிகளையும் புது வைஃபைக்கு மாற்றுங்கள். சில பாக்ஸ்கள், கிளவுட்ஃபிளேரின் டிஎன்எஸ் எண்ணான 1.1.1.1ஐத் தங்கள் உள் வேலைக்குப் பயன்படுத்துகின்றன. அந்த எண் எட்டவில்லை என்றால் 1.0.0.1 போட்டுப் பார்த்த பிறகு சந்தேகப்படுங்கள்.

இலவச விபிஎன்னைப் பரிந்துரைக்க மாட்டோம். நெட்காரர் இருந்த இடத்தில் முகம் தெரியாத இன்னொருவரை உட்கார வைப்பதுதான் அது.

புகார்

பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு. மாதாமாதம் ஜிபேயில் அனுப்பிவிட்டு பில் வாங்காமல் இருந்தால் முதலில் பில் கேளுங்கள். புகாரில் தேதி, நேரம், இரண்டு இணைப்பிலும் எடுத்த கோப்புகள், கமாண்டின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவை இருக்கட்டும். 'விளம்பரம் வருகிறது' என்று மட்டும் எழுதினால் 'வைரஸ் சார்' என்று முடித்துவிடுவார்கள். 2018இல் லைசென்ஸ் விதிகளில் சேர்க்கப்பட்ட இணையச் சமநிலை நிபந்தனையைக் குறிப்பிடுங்கள். தடுப்பது, வேகம் குறைப்பது, உள்ளடக்கத்தில் குறுக்கிடுவது எல்லாம் அதில் அடங்கும்.

புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனிப்பட்ட புகாரைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விசாரிப்பதில்லை என்பதால் அங்கே எழுதி நேரத்தைக் கழிக்க வேண்டாம். தொலைத்தொடர்புத் துறைக்கு மத்திய அரசின் குறைதீர் போர்ட்டல் வழியாகவும், நுகர்வோர் உதவிக்கு 1915 எண்ணிலும் போகலாம். அதற்கும் மசியவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. சேவைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமும் இல்லை.